சீமைக்கருவேல விறகு: கேட்டவையும் பதிலும்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் சீமைக்கருவேல்தான். சொந்த நிலத்தில் நிற்பதைத் தாங்களே வெட்டிக்கொள்ள நினைக்கிறவர்கள் கேட்டவை இவை.

அண்ணே, போன வருஷம் வெட்டிப்போட்ட கட்டைகளை இப்போது பிளக்கப் பார்த்தால் கோடாரி தெறிக்கிறது. என்ன செய்ய? (முதுகுளத்தூர்)

காயட்டும், அப்புறம் பிளக்கலாம் என்று விட்டதுதான் வினை. இந்த மரம் காயக்காய இறுகும். வெட்டிய கையோடு பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். பட்டை ஈரத்தை லேசில் வெளியே விடாது. பிளந்த முகம் வெளியே தெரிந்தால்தான் சீக்கிரம் காயும். ஆக, வேலையும் குறைவு, நாளும் குறைவு.

கிடக்கும் கட்டையை நடுவில் போட்டு அடிக்காதீர்கள். வெடிப்பு ஓடியிருக்கும் இடம் பார்த்து, ஓரத்திலிருந்து சிலாம்பு சிலாம்பாக எடுங்கள். பெரிய வெடிப்பில் இரும்பு ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் அடியுங்கள். கோடாரியின் பின்பக்கத்தால் ஆப்பை அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். காம்பு நுழையும் கண் விரிந்து ஒருநாள் தலை கழன்று பறக்கும். கணுவும் கவட்டையுமாக இருக்கிற துண்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். நெல் அவிக்கிற அடுப்புக்கு முழுசாகவே ஆகும்.

எந்த மாதம் வெட்டலாம்?

பொங்கல் கழிந்ததும். தை, மாசியில் வெட்டிப் பிளந்தால் பங்குனி, சித்திரை வெயில் மொத்தமும் கிடைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைக்கடியில் ஏற்றிவிடலாம். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள்: கணீரென்றால் சரி, மொத்தென்றால் ஈரம் இருக்கிறது.

நிலம் ரோட்டிலிருந்து உள்ளே. வண்டி போகாது. எப்படிக் கொண்டுவருவது? (மானாமதுரை)

அங்கேயே இரண்டடித் துண்டாக வெட்டி, பிளந்து, அடுக்கிக் காயவிட்டு அப்புறம் சுமங்கள். பச்சையாகச் சுமந்தால் தண்ணீரையும் சேர்த்துத்தான் சுமக்கிறீர்கள். களவு பயம் இருந்தால் மட்டும் உடனே எடுங்கள். தலைச்சுமைக்குச் சும்மாடு கனமாக இருக்கட்டும். முள்வாதுகளைக் கையால் இழுக்காமல் கவைக்கம்பால் தள்ளி ஒதுக்குங்கள். வேலி அடைக்க ஆகும்.

முள் குத்தி ஒடிந்துவிட்டது, கால் வீங்குகிறது.

ஊசியால் தோண்டாதீர்கள். மருத்துவரிடம் போய் எடுத்துக்கொண்டு டெட்டனஸ் தடுப்பு (டிடி) ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். மூட்டுப் பக்கம் குத்தியிருந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ரப்பர் செருப்போடு இந்த வேலைக்குப் போகவே வேண்டாம், முள் அதைத் துளைத்துக்கொண்டு ஏறும்.

தூரோடு எடுக்கணுமா?

நிலம் வேண்டுமென்றால் வேர்க்கட்டையோடு தோண்டத்தான் வேண்டும். தரையோடு வெட்டினால் மறுபடி தளிர்க்கும். விறகு வேண்டுமென்றால் தளிரில் நேரானதாக இரண்டு மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழியுங்கள். கம்பு பருமனாகும், பிளக்கவும் சுலபம்.

எங்கள் கண்மாயில் நிறைய நிற்கிறதே, வெட்டலாமா?

கூடாது. அது பொதுச்சொத்து, ஏலத்தில் போகும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்காமல் அரிவாளை எடுக்காதீர்கள்.

அடுக்கிய விறகிலிருந்து மாவு கொட்டுகிறது.

வண்டு துளைக்கிறது, உளுத்துப்போகும். அந்த அடுக்கில் இருப்பதை முதலில் அடுப்புக்கு எடுத்துத் தீர்த்துவிடுங்கள். புதிதாக அடுக்கும்போது அடியில் கல் வைத்துத் தரையிலிருந்து தூக்கி, காற்றோட்டம் விட்டு, வீட்டுச் சுவரைத் தொடாமல் வையுங்கள். பாம்பும் தேளும் அதற்குள் தங்கும். எடுக்கும்போது ஒரு கம்பால் தட்டிவிட்டு, மேலிருந்தே எடுங்கள்.