எலிக்குப் பலன் கொடுத்த மருந்து டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கும் பலன் கொடுக்குமா?

கேள்வி: அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், இரண்டு வயது. மரபணு மாற்றிய எலிக்கு கிரீன் டீ சத்து கொடுத்ததில் ஞாபகசக்தி கூடிவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. எலிக்கு எப்படி டவுன் சிண்ட்ரோம் வரும்? அந்த காப்ஸ்யூலை வாங்கலாமா?

வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் புதுவண்ணாரப்பேட்டை. பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். என் தம்பிக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். கல்மண்டபத்தில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டிருப்பான். அதனால் இந்த மாதிரி பார்வர்டு எதுவாக இருந்தாலும் சொந்தக்காரர் யாராவது எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நம்ம ஏரியாவில் எலி என்றால் பக்கிங்காம் கால்வாய்ப் பெருச்சாளிதான் நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் இருப்பது சுண்டெலி, 25, 30 கிராம்தான் இருக்கும். மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கும் இழைதான் குரோமோசோம். நமக்கு ஒரு செல்லில் 46, அதற்கு 40. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்பதை 1959இல் பாரிஸில் கண்டறிந்து வெளியிட்டார்கள். சுண்டெலியிடம் நம்முடைய 21க்கு நேரான ஒரே குரோமோசோம் கிடையாது. ஆனால் அதிலுள்ள மரபணுக்களில் பெரும்பாலானவை அதனிடமும் உண்டு. ஒரே குப்பத்து ஜனங்களை மூன்று ஊர் ஹவுசிங் போர்டில் பிரித்துப் போட்ட மாதிரி, 16, 10, 17 என்ற மூன்று குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பங்கு 16இல்.

எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 16ஆம் குரோமோசோமை முழுசாக மூன்றாக்கினால் குட்டி பிழைப்பதில்லை. பிழைத்து வளர்ந்த எலியை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் முரியல் டேவிசன் 1990இல் அறிவித்தார். பெயர் டிஎஸ்65டிஎன். மரபணு மாற்றிய எலி என்று கேட்டீர்கள், ஆனால் இதில் யாரும் மரபணுவைத் திட்டமிட்டு வெட்டி ஒட்டவில்லை. ஆண் எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, குரோமோசோம் உடைந்து இடம் மாறி ஒட்டிய வம்சத்திலிருந்து எடுத்தது. 16ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாக இருப்பதால், நம் 21க்கு நேரான மரபணுக்களில் ஏறக்குறைய பாதி மூன்று பிரதியாக இருக்கும். கூடவே 17இலிருந்து ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதிலுள்ள மரபணுக்களுக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் சம்பந்தமே இல்லை. இது வெகுகாலம் கழித்துத்தான் சரியாகத் தெரிந்தது. அதற்குள் இந்த எலியை வைத்து எத்தனையோ மருந்துகளைச் சோதித்துவிட்டார்கள்.

இந்த எலி தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையைத் தேடிக் கண்டுபிடிக்க மற்ற எலிகளைவிடத் திணறும். சிறுமூளையும் சிறிதாக இருக்கும், மனிதர்களிடம் காண்பது போலவே. 2007இல் ஸ்டான்ஃபோர்டில், மூளையின் காபா என்ற தடுப்பு சமிக்ஞையைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தபோது அதன் ஞாபகசக்தி கூடியது, மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரம் நீடித்தது. உலகமே கொண்டாடியது. அதே வழியில் ரோஷ் நிறுவனம் பாஸ்மிசானில் என்ற மருந்தை டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர்களிடமும் பெரியவர்களிடமும் சோதித்தது. பலன் இல்லை என்று 2016இல் நிறுத்தினார்கள். பார்வர்டு அனுப்புகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியை அனுப்புவதில்லை.

கிரீன் டீ கதையும் கிட்டத்தட்ட இதுதான். 21இல் டிர்க்1ஏ என்று ஒரு மரபணு இருக்கிறது, கிரீன் டீயிலுள்ள ஒரு பொருள் அதன் புரதத்தின் வேலையைக் குறைக்கும். எலியில் பலன் தெரிந்தது. பார்சிலோனாவில் இளைஞர்களுக்கு மூளைப் பயிற்சியோடு சேர்த்து ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். சில அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் சின்ன முன்னேற்றம். அதுவும் மருத்துவக் கண்காணிப்பில், வயது வந்தவர்களிடம். அடர்த்தியான கிரீன் டீ சத்து கல்லீரலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கிற சமாசாரமா இது?

அப்படியானால் எலி ஆராய்ச்சியே வீணா? இல்லை. எந்த மரபணு எந்தக் கோளாறுக்குக் காரணம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். 21இல் இன்டர்ஃபெரான் என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் வரிசையாக நான்கு உள்ளன. எலியில் அவற்றை மட்டும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது இதயக் கோளாறு குறைந்தது என்று 2023இல் கொலராடோ குழு காட்டியது. ஆல்சைமர் என்ற மறதி நோய் இவர்களுக்கு ஏன் சீக்கிரம் வருகிறது என்பதில், 21இல் இருக்கும் ஏபிபி என்ற மரபணுவின் பங்கும் எலியில் தெளிவானது.

எலியும் முன்னைவிடத் தேறிவருகிறது. 2005இல் லண்டன் குழு மனிதனின் 21ஆம் குரோமோசோமையே எலிக்குள் வைத்தது, ஆனால் எலியின் பல செல்களில் அது தொலைந்துபோனது. 2020இல் ஜப்பானின் கசுகி குழு அதன் நீண்ட கையை, அதாவது குரோமோசோமின் நீளமான பக்கத்தை, எல்லாச் செல்லிலும் நிலைக்கவைத்தது. அதிலுள்ள மரபணுக்களில் 93 சதவீதம் அப்படியே இருக்கிறது. இந்த மாதிரி எலிகளில் வரும் முடிவுகளைத்தான் நான் ஆசையோடு படிக்கிறேன். அதிலிருந்து குழந்தைக்கு மருந்து வர வருடக்கணக்காகும்.

அதுவரை காப்ஸ்யூல் காசில் உங்கள் அக்கா செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி இரண்டும் இந்த வயதில் தள்ளிப்போடக் கூடாதவை. அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி., அதாவது குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம், எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள், அங்கே காசு கேட்க மாட்டார்கள். இதய எக்கோ எடுத்தாயிற்றா, காதும் கண்ணும் பார்த்தார்களா என்று அக்காவிடம் கேளுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு தடவையாவது வேண்டும். இந்த வருடம் பார்க்கவில்லை என்றால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.