அந்த யானை ஏன் பச்சை?

கேள்வி: நான் ஆடிட்டர். வயது 39. சி.ஏ. ஃபைனல் முதல் அட்டெம்ப்ட்டிலேயே தேறியவள். போன வருடம் எங்கள் அலுவலகத்தில் பார்ட்னர் ஆனேன். அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூடத் தாங்கவில்லை. வரித் தணிக்கைக்கான செப்டம்பர் 30 கெடு முடிந்தால் நிம்மதி என்று ஓடுகிறேன். அக்டோபர் 1 அன்று எதையோ பறிகொடுத்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் என் 7 வயது மகள் பச்சை யானை ஒன்றை வரைந்து வந்து காட்டினாள். "போட்டியா? என்ன பிரைஸ்?" என்று கேட்டுவிட்டேன். படத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் மாற முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: மனக்குறையைச் சொல்ல வந்த இடத்திலும் முதல் அட்டெம்ப்ட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பார்த்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நானும் அந்த ரகம்தான்.

உங்கள் தொழில்காரர்களை வைத்தே ஓர் ஆய்வு உண்டு. 1950களில் சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃப்ரீட்மேன், ரே ரோசன்மேன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள், சுமார் 40 கணக்காளர்களின் ரத்தத்தை மாதக்கணக்கில் சோதித்தார்கள். அங்கே வரிக் கணக்குக்குக் கெடு ஏப்ரல் 15. கெடு நெருங்க நெருங்க ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறியது. கெடு தாண்டியதும் இறங்கியது. எந்நேரமும் கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்பவர்களுக்கு 'டைப் ஏ' என்று பெயர் வைத்து, அவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று சொன்னவர்களும் இவர்கள்தான். பிற்பாடு வந்த ஆய்வுகள் அதைக் கொஞ்சம் திருத்தின: லட்சியத்தைவிட, கூடவே வரும் எரிச்சலும் பகையும்தான் இதயத்துக்கு ஆபத்து. ஆகவே பார்ட்னர் நாற்காலியை விடச் சொல்ல மாட்டேன். யோகா செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அதிலும் போய் மெடல் வாங்கி வருவீர்கள்.

ஃப்ரீட்மேனும் உங்கள் ரகம். மாரடைப்பு வந்த பிறகு தன்னைத் திருத்திக்கொண்டு 90 வயது வரை வாழ்ந்தார். அவர் நோயாளிகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடங்களில் ஒன்று, கடையில் இருப்பதிலேயே நீளமான வரிசையில் போய் நிற்பது. நீங்களும் நின்று பாருங்கள், போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு. முதல் தடவை பல்லைக் கடிப்பீர்கள். முன்னால் நிற்கும் பெரியவர் சில்லறை எண்ணுவார். எண்ணட்டும்.

அந்த அக்டோபர் வெறுமை இருக்கிறதே, உங்கள் ஊர்க் கிரைண்டர் நின்றதும் வீடே திடீரென்று அமைதியாகுமே, அதுபோலத்தான். அதற்குப் பயந்து அன்றைக்கே அடுத்த டார்கெட்டைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் சும்மா இருங்கள். தூக்கம் சாப்பாடு எல்லாம் கெட்டு, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், வாரத்துக்கு அரை மணி நேரம் மகளிடமே படம் வரையக் கற்றுக்கொள்ளுங்கள். யூடியூப் பார்த்து ரகசியமாகப் பழகிவிட்டுப் போகக் கூடாது. போவீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். கோணல்மாணலாக வரட்டும். அவள் உங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும், திருத்தட்டும்.

மடித்த படத்தை எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்றைக்கே கேளுங்கள். பிரைஸ் பற்றிக் கேட்டதற்கு ஒரு சாரி சொல்லிவிட்டு, அந்த யானை ஏன் பச்சை என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.