ஆன் எக்ஸெப்ஷனின் முதல் வரியிலேயே எக்ஸ்எம்எல்-கோடை நகலெடுங்கள்

எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் படித்துப் பிரிக்கும் கோபோல் மொழியின் எக்ஸ்எம்எல் பார்ஸ் கூற்றில், பிழை நேர்ந்தால் ஓடும் ஆன் எக்ஸெப்ஷன் பகுதியை எழுதிய பிறகும், முடிவு எண்ணைத் தாங்கும் எக்ஸ்எம்எல்-கோடின் மதிப்பைத் தனியே சேமிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் சேமிக்க வேண்டும். வேறொருவர் எழுதிய பழைய கோபோல் நிரல் ஒன்று உங்கள் பொறுப்பில் வந்திருக்கும் என்று எண்ணுகிறேன். என் நிலையும் அதுதான்.

இரவில் ஓடும் பேட்ச் ஜாப் அது. பிழைச் செய்தியை, தரவை எக்ஸ்எம்எல் ஆவணமாக எழுதித் தரும் எக்ஸ்எம்எல் ஜெனரேட் கூற்றைக் கொண்டு உருவாக்கும் சில வரிகளை அதன் ஆன் எக்ஸெப்ஷன் பகுதியில் நான் சேர்த்திருந்தேன். ஒரு நாள் வந்த கோப்பில் முடிவுக் குறிச்சொல் ஒன்று விடுபட்டிருந்தது. பார்சர் பிழையைச் சரியாகவே கண்டுபிடித்தது. ஆனால் ஜெனரேட் கூற்றும் தன் முடிவை அதே எக்ஸ்எம்எல்-கோடில்தான் எழுதும் என்பதை நான் கவனிக்கவில்லை. ஜெனரேட் நல்லபடியாக முடிந்ததால் மதிப்பு, பிழையில்லை என்று பொருள்படும் 0 ஆயிற்று, அதைப் பார்த்து ஜாப்பின் முடிவைச் சொல்லும் ரிட்டர்ன்-கோடை அமைத்த அடுத்த வரியும் 0 என்றே வைத்தது. பிழையை எட்டும் வரை பார்சர் ஆவணத்தில் கண்ட ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது நிகழ்வுக்கும், அதைக் கையாளும் புரொசீஜர் ஓடியிருந்தபடியால் பாதிப் பதிவுகள் மாஸ்டர் கோப்பில் ஏறிவிட்டன, மீதி ஏறவில்லை. பின்னர் நடந்த விசாரணையில் கோப்பை அனுப்பியவர்களை மட்டுமே எல்லோரும் கேள்வி கேட்டார்கள். ஜாப் ஏன் 0 காட்டியது என்று ஒருவரும் கேட்காதது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

சேமித்த எண்ணை அப்படியே அச்சிட்டால் பொருள் விளங்காது. ஐபிஎம் எண்டர்பிரைஸ் கோபோலில் இரு பார்சர்களுள் ஒன்றான எக்ஸ்எம்எல்எஸ்எஸ் பார்சரைப் பயன்படுத்தும்போது, நான்கு பைட் கொண்ட அந்தப் புலத்தின் மேல் பாதியில் பிழையின் வகையைச் சொல்லும் பார்சரின் ரிட்டர்ன் கோடும் (ஜாப்பின் ரிட்டர்ன்-கோட் அல்ல) கீழ்ப் பாதியில் காரணத்தைச் சொல்லும் ரீசன் கோடும் இருக்கும். ஆவணம் முறையாக அமையாவிட்டால் ரிட்டர்ன் கோட் 12. அது மேல் பாதியில் இருப்பதால் 65536-ஆல் பெருக்கிய 786432, அதனுடன் ரீசன் கோடும் சேர்ந்த ஆறிலக்க எண்தான் ஜாப்பின் அச்சு வெளியீடான சிஸ்அவுட்டில் தெரியும். ஒரே இடத்தை வேறு புலங்களாகப் பார்க்க உதவும் ரீடிஃபைன்ஸ் கொண்டு இரண்டாகப் பிரித்து, ரீசன் கோடைப் பதினாறடிமான எண்ணாக (ஹெக்ஸில்) அச்சிட்டால் கையேட்டில் உடனே தேடலாம். மற்றொன்றான காம்பாட் பார்சரில் எண்கள் வேறு, சில பிழைகளுக்கு எக்ஸ்எம்எல்-கோடில் 0 வைத்துத் தொடரவும் முடியும் என்பதை அறிவேன்; நான் சொல்வது எக்ஸ்எம்எல்எஸ்எஸ் பற்றி மட்டுமே. பார்ஸை நாமாகவே நிறுத்த எக்ஸ்எம்எல்-கோடில் -1 வைத்திருந்தாலும் ஆன் எக்ஸெப்ஷனுக்கே வருவோம் என்பதால், பிரிப்பதற்கு முன் அதையும் சோதியுங்கள்.

இப்போது என் நிரல்களில் பதிவுகள் முதலில் தற்காலிகக் கோப்புக்கே செல்கின்றன. பிழையின்றி முடிந்தால் மட்டும் ஓடும் நாட் ஆன் எக்ஸெப்ஷன் பகுதியை அடைந்த பிறகுதான் மாஸ்டர் கோப்பைத் தொடுகிறேன்.