வன்னியில் வரும் கிழமை மழை வருமா? அதை நம்பிச் சிறுபோகம் விதைக்கலாமா?

புதுவருசம் முடிந்த கையோடு, இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்கு வரும் கிழமை எப்படி இருக்கும், போனில் ஏழு நாளும் இடிமழைப் படமும் 40 வீதமும் காட்டுகிறதே, அதை வைத்துச் சிறுபோக (வெயில்கால நெல்) விதைப்பைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மழையை நம்பி விதைக்காதீர்கள். குளத்தில் உங்களுக்கு ஒதுக்கிய தண்ணீரை நம்பி விதையுங்கள். மழை பெய்தால் அது மிச்சம்.

முதலில் வெயில். ஏப்ரல் 12, 13 அளவில் சூரியன் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் நேர் உச்சியில் நிற்கும், 14ஆம் திகதி கிளிநொச்சிக்கு மேலே. அது தாண்டிவிட்டது என்பதற்காகச் சூடு குறையாது. நிலம் குடித்த சூடு வைகாசி வரை விடாது. பகலில் 34 முதல் 36 பாகை வரை எதிர்பாருங்கள், இரவிலும் 25, 26க்குக் கீழே இறங்காது. பாகையைவிட அவிச்சல்தான் ஆளைக் கொல்லும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம் இது, வாடை ஓய்ந்துவிட்டது, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் எழும்பவில்லை. காற்றே இல்லாத மத்தியானத்தில் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வயலில் நிற்பவர்கள் 11 மணிக்குக் கரையேறி 3 மணிக்குப் பிறகு இறங்குவது நல்லது. ஆள் தடுமாறி, பேச்சுக் குழறி, தோல் கொதித்தால் அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி மழை. சித்திரைச் சிறுமாரி என்று எங்கள் பக்கம் சொல்வது இதைத்தான். பகலில் நிலம் கொதிக்க, மன்னார்க் கரையிலிருந்து ஒரு கடல்காற்றும் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இன்னொன்றும் உள்ளே வரும். இரண்டும் நடுக்காட்டுக்குள் எங்கேயோ முட்டுப்படும். முட்டுப்பட்ட இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. 11 மணிக்கு வெள்ளைப் பஞ்சாக நின்ற முகில் 2 மணிக்குக் கறுத்து நிமிர்ந்துவிடும். முதலில் ஒரு குளிர்காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும், பிறகு பெருந்துளியாக நாலைந்து விழும், அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் ஊற்றித் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த மழை விழும் அகலமோ சில கிலோமீற்றர்தான். ஏ9 வீதியில் ஓமந்தையில் றோட்டுக்குக் குறுக்கே வெள்ளம் பாய்ந்துகொண்டிருக்க, புளியங்குளத்தில் வாகனத்துக்குப் பின்னால் புழுதி பறக்கும். இதனால்தான் கரையோரத்துக்கு இந்தக் கிழமை பெரும்பாலும் வறட்சிதான், வவுனியா, மாங்குளம் பக்கம்தான் வாய்ப்புக் கூட.

போனில் காட்டும் படத்தின் கதையும் இதுதான். உலகம் முழுவதற்கும் கணிக்கும் கணினி மாதிரிகள் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தினுடையது ஏறக்குறைய 9 கிலோமீற்றர்ச் சதுரம், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் 13 கிலோமீற்றர் அளவில். ஒரு தனி முகில் எந்த வயலில் இறங்கும் என்று அவற்றால் பிடிக்க முடியாது. இப்படிப்பட்ட பத்து நாளில் நாலு நாள் உங்கள் இடத்தில் ஏதோ கொஞ்சம் நனையலாம் என்பதற்கு மேல் அந்த 40 வீதத்தில் வேறொன்றும் இல்லை. ஐந்தாம் ஆறாம் நாளுக்குப் போடும் படத்தை நான் பார்ப்பதே இல்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றன்றைய அறிவித்தலைக் கேளுங்கள், அதில் மாவட்டமும் நேரமும் வரும்.

அதோடு உங்கள் கண்ணையும் நம்பலாம். காலை 9 மணிக்கே தென்மேற்கிலிருந்து காற்று விடாமல் இழுத்தால் அன்றைக்கு மழை பெரும்பாலும் இல்லை. காற்று செத்து, வியர்த்துக் கொட்டினால் பின்னேரம் எதிர்பார்க்கலாம். முகில் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பாருங்கள். மேற்கேயிருந்து கிழக்கே போனால் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக்கு வாய்ப்பு, எதிர்ப்பக்கம் போனால் செட்டிகுளம், மடுப் பக்கத்துக்கு.

விதைப்புக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் கிட்டத்தட்ட 1 இலட்சம் லீற்றர் தண்ணீர். கேட்கப் பெரிதாக இருக்கும். இந்த வெயிலில் நெல் வயல் ஆவியாக விடுவது மட்டும் நாளுக்கு 5, 6 மில்லிமீற்றர். நிலம் உறிஞ்சுவதைக் கணக்கில் எடுக்காமலே அந்த நல்ல மழை நாலைந்து நாளுக்குத்தான் காணும். வைகாசி நடுவில் சோளகம் பிடித்துவிட்டால் பின்னேர மழையும் நின்றுவிடும். அந்தக் காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாகத்தான் எங்களிடம் வரும். புரட்டாசி வரை பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. மூன்று மாத நெல்லுக்கு அந்த இடைவெளியை நிரப்பப் போவது குளம் மட்டும்தான்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளத்துக்குக் கீழே என்றால் சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் தீர்மானித்தார்களோ அதற்குள் நில்லுங்கள். பக்கத்துக் காணி சும்மா கிடக்கிறதே, ஒரு மழை பெய்தால் பிடித்துவிடலாம் என்று கூட விதைக்கும்போதுதான் கடைமடைக்காரர் பாதிக்கப்படுகிறார்கள். எனக்கு அதிகம் யோசனை சின்னக் குளங்களுக்குக் கீழே செய்பவர்களைப் பற்றித்தான். காலபோகத்துக்கு (மாரிகால நெல்லுக்கு) கொடுத்து மிஞ்சிய தண்ணீர், வெயில் வேறு குடிக்கிறது. அங்கே நெல்தான் வேண்டுமென்றால் பிஜி 250 போன்ற இரண்டரை மாத இனம், இல்லையென்றால் பயறு, உளுந்து, கௌபி. வரும் கிழமை ஒரு மழை உங்கள் காணியில் விழுந்தால் அந்தத் தானியங்களை முளைக்க வைக்கப் போதும். உழவுக்கும் உதவும். ஒரு நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து மண் பதமாக இருக்கையில் உழுதுவிடுங்கள்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இலங்கையில் மின்னல் கூடிய மாதம் ஏப்ரல். வெளியான வயலில் தனித்து நிற்கும் பாலை மரத்துக்குக் கீழே ஒதுங்குவது எங்கள் ஆட்களின் பழக்கம். பனையடியும் அப்படித்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுவர் இல்லாத காவல் கொட்டிலும் பாதுகாப்பு இல்லை, கூடு இல்லாத உழவு இயந்திரமும் இல்லை. மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுவர் வைத்த கட்டடத்துக்குள் அல்லது மூடிய வாகனத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் வெளியே வர வேண்டாம். குளத்தில் குளிக்கிற பிள்ளைகளை முகில் கறுக்கும்போதே கரையேற்றுங்கள். அடுத்த கிழமை பள்ளிக்கூட விடுமுறையில் நிற்கும் பிள்ளைகளைப் பின்னேரம் யார் பார்ப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.

நெல்லோ கச்சானோ காயப்போட்டிருந்தால் 1 மணிக்கே தறப்பாளை எடுத்து வையுங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கரையும் இப்போது அநேகமாக அமைதி, இடிமுகிலுக்குக் கீழே அடிக்கும் திடீர்க் காற்று மட்டும் கவனம். மன்னார்ப் பக்கம் சோளகத்தோடு கடல் கிளம்பிவிடும்.

நான் சொன்ன எல்லாவற்றையும் மாற்றக்கூடியது ஒன்றுதான், வங்கக்கடலில் ஒரு தாழமுக்கம். சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் அது உருவாவது உண்டு. இலங்கைக்குக் கிட்ட உருவானால் நாள் கணக்கில் மழை. 2016 மே மாதம் ரோனு புயலாக மாறிய தாழமுக்கம் அப்படித்தான் நாடு முழுவதும் பெய்வித்தது, அரநாயக்கவில் மண்சரிவும் அந்த மழையில்தான். தூரத்தில் வடக்கே உருவானாலோ தென்மேற்குக் காற்றை இழுத்து வன்னியை இன்னும் காயவைத்துவிடும். அப்படி ஒரு அறிவித்தல் வந்தால் என்னுடைய இந்தப் பதிலை விட்டுவிட்டுத் திணைக்களம் சொல்வதைக் கேளுங்கள், வெள்ளம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.