கார்டீனியா மணக்கும் கார்டு: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் 'தி மால்டீஸ் ஃபால்கன்' என்ற பழைய ஹாலிவுட் படம் பார்த்தேன். ஜோயல் கெய்ரோ தன்பாலீர்ப்பாளர் என்று படத்தில் ஒருவர்கூடச் சொல்வதில்லை, ஆனாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்றைய படங்கள் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுகின்றன. யோசித்துப் பார்த்தால் தணிக்கை கலைக்கு நல்லதுதான் செய்திருக்கிறது, இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

எனக்கும் பிடித்த படம். அந்த விசிட்டிங் கார்டு வரும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். துப்பறிவாளன் ஸ்பேடின் செக்ரட்டரி, பார்க்க வந்திருக்கும் கெய்ரோவின் கார்டை நீட்டுகிறாள், அவன் மோந்து பார்க்கிறான், "கார்டீனியா" என்கிறாள் அவள், அவ்வளவுதான், ஆள் உள்ளே வருவதற்குள் அவர் யார் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அப்புறம் கெய்ரோவாக நடிக்கும் பீட்டர் லோரி வந்து உட்கார்ந்து கைத்தடியின் பிடியை உதட்டருகே கொண்டுபோகிறார். படத்துக்கு மூலமான டாஷியல் ஹாமெட்டின் நாவலில் அதே செக்ரட்டரி இதை வாய்விட்டே சொல்லிவிடுவாள். படத்தில் முடியாது. 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கையை நடத்திய ஜோசப் ப்ரீனின் அலுவலகம் சரி என்று சொல்லாமல் பெரிய ஸ்டுடியோக்களின் படம் எதுவும் வெளிவர முடியாது, அவர் கையிலிருந்த ஹேஸ் விதிகள் என்ற தணிக்கை விதிகளிலோ 'பாலியல் பிறழ்வு' பற்றிய ஜாடைகூடக் கூடாது என்றே எழுதியிருந்தது. 1941இல் படத்தை இயக்கிய ஜான் ஹூஸ்டனுக்கு மிச்சமிருந்தது வாசனைதான்.

சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாராட்டை ஹூஸ்டனுக்கும் லோரிக்கும் கொடுங்கள், ப்ரீனுக்கு எதற்கு? திரையில் பூவும் பூவும் முட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஜாடை புரிவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த வாசனையோடு வந்த மனிதருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்பேட் அவரை அறைகிறான், அறைந்தால் வாங்கிக்கொள், அதை ரசிக்கவும் பழகு என்கிற தோரணையில் பேசுகிறான், பார்க்கிற நமக்கும் சிரிப்பு வருகிறது. எனக்கும் வந்தது, முதல் தடவை. ஜாடையாக உள்ளே விடப்பட்டவர்களில் நிறையப் பேர் இப்படிக் கோமாளிகள், இல்லாவிட்டால் 1948இல் ஹிட்ச்காக் எடுத்த 'ரோப்' படத்தின் இருவரைப் போலக் கொலைகாரர்கள். அந்த மாதிரி ஜாடைக்கு ப்ரீனின் ஆட்கள் எவ்வளவோ தடவை கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஜாடையைக்கூடச் சில சமயம் விட்டுவைக்கவில்லை. 1960இல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில், குளித்துக்கொண்டிருக்கும் கிராஸஸ் தன் அடிமை அன்டோனினஸிடம் சிப்பி பிடிக்குமா, நத்தை பிடிக்குமா என்று சாப்பாட்டுப் பேச்சு மாதிரி கேட்பான், பெண்ணா ஆணா என்பதற்கான ஜாடை அது. இதற்கும் கத்தரி. 1991இல் படத்தைப் புதுப்பித்தபோது காட்சி கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை, கிராஸஸாக நடித்த லாரன்ஸ் ஒலிவியரும் இறந்துவிட்டிருந்தார், அந்தோணி ஹாப்கின்ஸ்தான் அவருக்காக டப்பிங் பேசினார். கலைக்கு நடந்த நல்லதை இந்தக் கணக்கிலும் பார்க்க வேண்டும்.

நீங்கள் 1936இல் வந்த 'தீஸ் த்ரீ' படத்தையும் பாருங்கள். லிலியன் ஹெல்மனின் நாடகத்தில் இரண்டு டீச்சர்கள் ஒருவரையொருவர் காதலிப்பதாக ஒரு மாணவி பழி போடுவாள். வில்லியம் வைலரின் படத்தில் அந்தப் பழி, ஒருத்திக்கு நிச்சயமானவனோடு மற்றவளுக்குத் தொடர்பு என்று மாறிவிட்டது. நாடகத்தின் பெயரையே வைக்க முடியவில்லை. 1961இல் விதியைத் தளர்த்தினார்கள், அதே வைலர் அதே கதையை 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' என்ற சொந்தப் பெயரிலேயே மறுபடி எடுத்தார். இதில் ஷெர்லி மெக்லைன் நடித்த மார்த்தா, ஆமாம், நான் உன்னைக் காதலிக்கத்தான் செய்தேன் என்று தோழியிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். சொன்ன கொஞ்ச நேரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறாள். 1936இன் மார்த்தா, அவளுக்கு அப்படி ஒரு காதலே இல்லை என்று எழுதிவிட்டதால், உயிரோடு தப்பித்தாள். அவளாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ் இந்த இரண்டாவது படத்திலும் இருக்கிறார், கோர்ட்டில் சாட்சி சொல்ல வராமல் நழுவிவிடும் உறவுக்காரியாக.