நான்காம் நாள் 800 மீட்டர் ஏற்றம்: ஒரு பதில்

உங்கள் மலையேற்றப் பயணத்தில் மூன்றாம் இரவு 3,100 மீட்டரில், நான்காம் இரவு 3,900 மீட்டரில் தங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். "தினமும் ஓடுகிறேன், சமாளித்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். ஓட்டம் மூச்சுக்கும் காலுக்கும் உதவும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்காது.

3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பதுதான் வழக்கமான மருத்துவ அறிவுரை. தூங்கும் உயரம்தான் கணக்கு. பகலில் இன்னும் மேலே ஏறிவிட்டு இறங்கி வந்து படுக்கலாம். அதனால் நடுவில் ஓர் இரவு சேர்க்க முடியுமா என்று பயண ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள். அப்புறம், ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு இறங்க இரண்டாவது வழிகாட்டி உண்டா? இதற்கு மழுப்பினால் நான் முன்பணம் கட்டமாட்டேன்.

ஒருமுறை, குழு தாமதமாகுமே என்ற கூச்சத்தில் தலைவலியை மறைத்தேன். தட்டில் தொடாமல் கிடந்த சாப்பாட்டைப் பார்த்தே வழிகாட்டி கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்கும்போது தள்ளாடினால் காலை வரை காத்திராமல் உடனே இறங்க வேண்டும்.

உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சல்பா ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிடுங்கள். மாத்திரையைப் போட்டால் விரல் நுனி குறுகுறுக்கலாம், அடிக்கடி சிறுநீர் வரும். நெற்றி விளக்கைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.