கமாவை மாற்றினால் தீருமா?

கேள்வி: எங்கள் கடை வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வி ஃபைலாக (தகவல்களைக் கமா போட்டுப் பிரித்து வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) எடுத்து, பைத்தான் நிரல் மொழியில் ஒவ்வொரு வரியையும் கமா வரும் இடத்தில் ஸ்ப்ளிட் செய்கிறேன். பல வரிகள் ஒழுங்காக வருகின்றன, சிலவற்றில் மட்டும் பின்கோடு இருக்கவேண்டிய இடத்தில் தெருப் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கமாவுக்குப் பதில் பைப் குறி (|) போட்டுவிட்டால் தீருமா?

பதில்: கொஞ்ச நாளைக்குத் தீர்ந்த மாதிரி இருக்கும். அப்புறம் யாராவது முகவரியில் "மாடி | பின்பக்கம்" என்று அடிப்பார், மறுபடி அதே கதை. தப்பு கமாவில் இல்லை, ஸ்ப்ளிட்டில் இருக்கிறது. ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், சிக்கலான வரி அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

101,கண்ணம்மா,"12, வடக்கு மாட வீதி, மயிலாப்பூர்",600004

நாலே ஃபீல்டுதான், அதாவது எண், பெயர், முகவரி, பின்கோடு என்று நாலே தகவல். மேற்கோள் குறிக்குள் இருக்கும் கமா முகவரியைச் சேர்ந்தது, வெளியே இருப்பதுதான் பிரிக்கிற கமா. ஸ்ப்ளிட்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, கண்ட இடத்தில் வெட்டும், ஆறு துண்டு வரும், நாலாவது துண்டு வடக்கு மாட வீதி. தொகையை 1,25,000 என்று எழுதியிருந்தாலும் இதேதான் நடக்கும்.

2005-ல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற, சிஎஸ்வி அமைப்பை விளக்கும் ஆவணம் இதை எழுதியே வைத்திருக்கிறது: ஃபீல்டுக்குள் கமாவோ, இரட்டை மேற்கோளோ, வரி முறிவோ இருந்தால் ஃபீல்டு முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடவேண்டும், உள்ளே மேற்கோளே வந்தால் அதை இரண்டு தடவை எழுதவேண்டும். அதாவது முகவரியில் "மஞ்சள் வீடு" என்று மேற்கோளோடு இருந்தால் ஃபைலில் ""மஞ்சள் வீடு"" என்று இருக்கும். இதையெல்லாம் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துக் கோர்வைகளைத் தேடும் சூத்திரம்) எழுதிச் சமாளிக்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள், பைத்தானோடேயே சிஎஸ்வி என்ற மாட்யூல் (தயார் நிரல் தொகுப்பு) வருகிறது, அதில் ஃபைலைப் படித்துப் பிரித்துத் தரும் ரீடரிடம் ஃபைலைக் கொடுத்தால் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கமாவுக்கும் தொடக்க மேற்கோளுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அந்த ரீடர் மேற்கோளை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது, ஸ்கிப்இனிஷியல்ஸ்பேஸ் (skipinitialspace) என்ற ஆப்ஷனைப் போட்டுவிடவேண்டும்.

சரி, ஃபைலில் மேற்கோளே இல்லை என்றால்? அப்போது எந்த ரீடராலும் காப்பாற்ற முடியாது, எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரைத்தான் திருத்தவேண்டும். அதற்கு வழியில்லாத பழைய ஃபைல் என்றால், கமா வரக்கூடிய ஃபீல்டு ஒன்றே ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்திருக்கும் பட்சத்தில், இடதுபக்கம் இரண்டு துண்டையும் கடைசித் துண்டையும் தனியே எடுத்துக்கொண்டு நடுவில் மிஞ்சியதைக் கமா போட்டு ஒட்டிவிடலாம். பெயரிலும் கமா வரும் என்றால் இந்த வித்தை செல்லாது, அந்த வரிகளைக் கையால்தான் பார்க்கவேண்டும்.

கேள்வி: எக்செலில் 500 வாடிக்கையாளர்கள். ஃபைலில் வரிகளை எண்ணினால் அதைவிட அதிகமாக வருகிறது. ஏன்?

பதில்: யாரோ செல்லுக்குள் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி முகவரியை இரண்டு வரியாக அடித்திருப்பார்கள். மேற்கோளுக்குள் இருக்கும் வரி முறிவு செல்லுபடியானதே, அதனால் வரிக்கணக்கை நம்பாமல் ரீடர் தரும் பதிவுகளை எண்ணுங்கள். பைத்தானில் ஃபைலைத் திறக்கும்போது நியூலைன் (newline) என்ற இடத்தில் வெற்று மேற்கோள் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வரி முறிவுகள் மாறிப்போகலாம்.

கேள்வி: நான் அனுப்பிய சிஎஸ்வி ஜெர்மனியில் இருக்கும் மகனுக்கு எல்லாம் ஒரே நெடுவரிசையில் (column) மொத்தமாகத் திறக்கிறதாம். ஃபைல் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அங்கே தசமத்துக்கே கமாதான், 3.5-ஐ 3,5 என்று எழுதுவார்கள், அதனால் ஜெர்மன் அமைப்பில் இருக்கும் எக்செல் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியை எதிர்பார்க்கும். டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் ஃபைலை இம்போர்ட் செய்யும் வழியாகப் போய், பிரிப்பது கமா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஃபைலில் தமிழ் இருந்தால் அதே இடத்தில் யுடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியாக்க முறையையும் தேர்ந்தெடுக்கட்டும்.